அடுத்த மணியை முன்கூட்டி எழுதியவள்

என் படிப்பு ஆறாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். அதில் பதினான்கு வருஷம் லைன் சூப்பர்வைசர். நாற்பத்திரண்டு மெஷின் என் கண் அசைவில் ஓடும். டிகிரி வாங்கின மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். தாயம்மாள் லைன் மட்டும் அசையவில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அங்கே ஒவ்வொரு லைனுக்கும் தலைமாட்டில் ஒரு கரும்பலகை தொங்கும். எட்டுக் கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு மணி நேரம். அந்த மணியில் எத்தனை பீஸ் தைக்க வேண்டும், எத்தனை தைத்தோம் என்று சூப்பர்வைசர் எழுத வேண்டும். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் உத்தமன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

ஒரு ரகசியமும் சொல்கிறேன். இனி யாரும் என்னை வேலையை விட்டு எடுக்க முடியாது. பீஸ் குறைந்துபோன மணியில், மேனேஜர் சுற்றி வருவதற்குள், அடுத்த மணியில் தைக்கப்போவதையும் சேர்த்து இப்போதே எழுதிவிடுவோம். பிறகு மூச்சு விடாமல் ஓட்டிச் சரிக்கட்டிவிடுவோம். எல்லா லைனிலும் நடக்கிற வேலைதான். மாட்டாமல் செய்தவள் நான் ஒருத்தி.

கம்பெனியை விட்டு வந்ததும் இரண்டு மெஷின் வாங்கி, பாடி மேம்பாலத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டு முன்னறையில் போட்டேன். நைட்டி தைத்தேன். மகள் சுதா கல்யாணமாகிக் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. அவள்தான் என் போனில் ஒரு விற்பனை ஆப்பில் கடை திறந்து கொடுத்தாள்.

“எம்மா, சும்மா டைம்பாஸுக்குப் பண்ணு. ஒடம்ப கெடுத்துக்காத.”

டைம்பாஸ் என்று ஒன்று எனக்குத் தெரியாது. ஆறே மாதத்தில் நாளைக்கு நாற்பது, ஐம்பது நைட்டி போக ஆரம்பித்தது. மதுரையிலிருந்து கேட்டார்கள், மும்பையிலிருந்து கேட்டார்கள். என் கடைக்கு நாலரை நட்சத்திரம்.

வீட்டிலும் ஒரு கரும்பலகை மாட்டினேன். கம்பெனியில் எட்டுக் கட்டம். இங்கே பதினாறு. ஐந்து மணிக்குத் துணி வெட்டு. ஆறிலிருந்து தையல். சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம். பேக்கிங் உத்தமனுக்கு. நடுநடுவே போனில் வருகிற கேள்விகளுக்குப் பதில்: பாக்கெட் இருக்கிறதா, ஜிப் இருக்கிறதா, சாயம் போகுமா. பத்து நிமிஷத்தில் பதில் சொல்வோம் என்று ஆப்பில் என் கடை முகப்பிலேயே நான்தான் எழுதிப் போட்டேன். அதனால் குளிக்கப் போகும்போதும் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போனேன்.

கம்பெனியில் ஐந்தரைக்குச் சங்கு ஊதும், கேட் திறக்கும். வீட்டில் சங்கும் இல்லை, கேட்டும் இல்லை. திறந்துவிட ஆள் யார்? பார்சல் எடுக்க வருகிற முகமது ஆசிக் நாற்பது வயதுக்காரர், நல்ல மனுஷர். ஆனால் இரண்டு மணி என்றால் பன்னிரண்டுக்கும் வருவார், ஐந்துக்கும் வருவார். அவர் வரும்போது நான் இல்லையென்றால் நட்சத்திரம் குறையும். நாலு மாதமாக நான் தெருமுனை மளிகைக் கடையைத் தாண்டிப் போகவில்லை. என்னை யாரும் அடைக்கவில்லை. என் கையால் கோடு போட்ட கட்டங்கள்தான் அவை.

உத்தமனுக்கு வலது கண்ணில் புரை. இடது கண் சின்ன வயதிலேயே அடிபட்டு மங்கியது. பூந்தமல்லியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். ஆடித் தள்ளுபடி வந்தது, தேதியை மாற்றினேன். மறுபடி கொடுத்தார்கள். தீபாவளி வந்தது, மாற்றினேன். அவர் தேதிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேக்கிங்குக்கு உட்கார்ந்தார்.

மார்கழியில் நைட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் ஏழு. எல்லாம் அளவு மாறிப் போனவை.

“யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? எக்ஸெல் கேட்டவளுக்கு டபுள் எக்ஸெல் போட்டுகினு கீற!”

“வுடு தாயி. போட்டுகினு கொஞ்சம் குண்டாவட்டும்.”

அவர் சிரித்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. மறுநாள் மெஷினை நிறுத்திவிட்டு, அவர் பேக் செய்வதை வாசற்படியில் நின்று பார்த்தேன். நைட்டியை எடுத்தார். கழுத்துப் பட்டியில் தைத்திருந்த அளவுச் சீட்டைப் பார்க்கவே இல்லை. துணியை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து, முழம் முழமாக அளந்து, எந்த அடுக்கு என்று முடிவு செய்தார். இத்தனை நாளும் அப்படித்தான் அளந்திருக்கிறார்.

சீட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

“இதுல இன்னா போட்டுக்கீது, படி.”

“வெளிச்சம் கம்மியா கீது தாயி.”

மணி பகல் பன்னிரண்டு. ஜன்னல் திறந்திருந்தது.

“ஏன்யா சொல்லல?”

“எங்க சொல்றது? ஒன் போர்டுல எடம் எங்க கீது?”

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புரை முற்றிவிட்டது என்றார் டாக்டர். இன்னும் தள்ளினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பிறகு ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பாது என்றார். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வரச் சொன்னார். சுதாவுக்குப் போன் செய்தேன்.

“ரெண்டு தபா லீவு போட்டேன்மா. ரெண்டு தபாவும் நீ தேதிய மாத்துன. இப்ப லீவுன்னு கேட்டா எங்க மேனேஜரு சிரிக்கிறாரு. ஒரு நாளு கடைய மூடேன், இன்னா ஆயிடும்?”

“என் புருஷன நான் பாத்துக்குவேன். நீ போனை வை.”

புதன் சாயங்காலம் ஆப்பில் பொங்கல் சேல் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கிவிட்டது. அறுபத்து மூன்று ஆர்டர். வியாழன் காலைக்குள் ‘பேக் ஆகிவிட்டது’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். இல்லையென்றால் தாமதக் குறி விழும். நைட்டிகள் தைத்து அடுக்கில் இருந்தன. பேக் செய்யத்தான் ஆள் இல்லை; விடிகாலையிலிருந்து தைத்த எனக்கும் ராத்திரி கண் விழிக்கத் தெம்பில்லை.

பலகை முன்னால் நின்றேன். ஆறு மணி பஸ். ஏழரைக்கு ஆஸ்பத்திரி. பதினொன்றரைக்கு வீடு. பன்னிரண்டிலிருந்து பேக்கிங். இரண்டுக்கு ஆசிக். எல்லாம் கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்தது. அடுத்த மணியின் எண்ணிக்கையை இப்போதே எழுதுவது எனக்குப் புதிதா என்ன? அறுபத்து மூன்றையும் பேக் ஆகிவிட்டது என்று அமுக்கிவிட்டுப் படுத்தேன்.

ஆஸ்பத்திரி என் கட்டத்துக்குள் அடங்கவில்லை. மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்திருந்ததில் போய்ச் சேரவே எட்டேகால். டோக்கன் முப்பத்தொன்று. பிரஷர் பார்த்த நர்ஸம்மா, ஏறியிருக்கிறது, மாத்திரை போட்டு உட்கார வையுங்கள் என்றார். உத்தமனுக்குப் பச்சை அங்கி மாட்டி, வலது புருவத்துக்கு மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். பத்து. பத்தே முக்கால். பதினொன்றரை. பெஞ்சுக்குக் கீழே என் கால் நிற்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது.

“யக்கா, ஊட்டாண்ட நிக்கிறேன். பூட்டிக்கீது?”

“ரெண்டு மணிக்குத்தான வருவீங்க ஆசிக்?”

“இன்னிக்கு சேலுக்கா. முன்னாடியே அனுப்பிட்டாங்க. அறுவத்து மூணு ரெடின்னு காட்டுது. எங்க சரக்கு?”

“ஆஸ்பத்திரில கீறேன். ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். கொஞ்சம் நில்லுங்க.”

“பன்னண்டரை வரிக்கும் பக்கத்துத் தெருவுல சுத்திகினு கீறேன்கா. அதுக்கு மேல ஆவாது. சரக்கு இல்லன்னு போட்டா, ரெடி பண்ணாமலே ரெடின்னு அமுக்கிட்டன்னு கடைய மூடிடுவாங்க. போன மாசம் ஒரு அம்மாவுக்கு அப்டித்தான் ஆச்சு.”

கரும்பலகையில் எழுதினதைத் துணியால் துடைத்துவிடலாம். போனில் அமுக்கினதைத் துடைக்க வழி இல்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதே நேரம் நர்ஸம்மா கதவைத் திறந்தார்.

“உத்தமன் கூட யாரு? பிரஷர் இறங்கிடுச்சு, கூப்பிடப்போறாங்க. கையெழுத்துப் போட்டுட்டு முடியற வரைக்கும் நீங்க இங்கேயே இருக்கணும்மா. போறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அடுத்த ஆளை அனுப்பணும். உங்களுக்கு அடுத்த மாசம்தான் தேதி.”

ஒரு ஆட்டோ பிடித்தால் பன்னிரண்டரைக்குப் பாடி. பாதியாவது பேக் செய்துவிடலாம். என் மனசு அப்படித்தான் கணக்குப் போட்டது, மறைக்க என்ன இருக்கிறது. நாலரை நட்சத்திரம் எனக்கு யாரும் சும்மா கொடுக்கவில்லை.

உத்தமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ போ தாயி. அடுத்த மாசம் பாத்துக்கலாம். நான் இங்க யாரனா புட்சி பஸ் ஏத்திவுடச் சொல்லி ஊட்டுக்கு வந்துடுறேன்.”

குரலில் கோபமே இல்லை. ஆனால் அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் இடப்பக்கம் இருந்த தூணைப் பார்த்துச் சொன்னார். நான் அங்கே நிற்பதாக நினைத்துக்கொண்டு, அந்தத் தூணிடம் தலையை ஆட்டினார்.

போனை எடுத்தேன்.

“ஆசிக், சரக்கு இல்லன்னு போட்டுடுங்க.”

“யக்கா, அறுவத்து மூணு…”

“எனக்கு எண்ணத் தெரியும். போடுங்க.”

நர்ஸம்மா நீட்டின தாளில் என் முழுப் பெயரையும் எழுதினேன். ஒரு துணைக்கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

சாயங்காலம் ஆப்பிலிருந்து செய்தி வந்தது. பன்னிரண்டு நாளைக்குக் கடை முடக்கம். பொங்கல் சேல் முழுக்கப் போனது. சுதா வந்து இரண்டு முறை படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒரு நாளைக்கு எட்டு வேளை. பலகையைத் துடைத்துவிட்டு அதிலேயே எழுதினேன். கட்டு பிரித்த மறுநாள், உத்தமன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கட்டிலிலிருந்தே பலகையை வெகுநேரம் பார்த்தார்.

“இன்னா தாயி, இத்தான் ஒன் அச்செழுத்தா? கோழி கிளறுன மாதிரி கீது. இத்தினி வருசமா ஊரெல்லாம் சொல்லிகினு கீறனே!”

நான் எத்தனையோ பேரை ஒரே வார்த்தையில் வாயடைக்க வைத்தவள். அன்றைக்கு மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

கடை திறந்துவிட்டது. நட்சத்திரம் மூன்றுக்கு இறங்கியிருக்கிறது. ஏற்றிக் காட்டுவேன், அது பெரிய விஷயமில்லை. பலகையில் இப்போது பத்துக் கட்டம்தான். பத்து நிமிஷத்தில் பதில் என்று எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, சாயங்காலம் பதில் என்று போட்டேன். பார்சலுக்கு டேப் ஒட்டாமல் எந்தப் பொத்தானையும் அமுக்குவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நேற்று நாலு மணி. மருந்து விட்டேன். விட்ட பிறகு ஐந்து நிமிஷம் அவர் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

“எட்த்து இன்னான்னு கேளேன்,” என்றார்.

“மூடுயா கண்ண. அசையாத.”

ஐந்து நிமிஷமும் நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் கட்டிலுக்குக் கீழே என் வலது கால், மெஷின் இல்லாத இடத்தில், பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது.