வெட்டி மிஞ்சிய துணி

தையல்காரி கேட்கும் அளவை யாரும் திருப்பி அளந்து பார்ப்பதில்லை. இந்தத் தொழிலின் கஷ்டமே அதுதான். வீட்டில் மிஷின் வைத்துத் தைக்கும் சகோதரிகளே, நான் நாலாம் கிளாஸ் படித்தவள், நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதுகிறேன். உங்கள் மிஷினுக்கு அடியிலும் ஒரு டப்பா இருக்கும்.

ஞானஸ்நானச் சட்டை

ஜாக்கெட்டுக்கு எண்பது சென்டிமீட்டர் போதும். நான் ஒரு மீட்டர் கேட்பேன். மிச்சம் என் தகர டப்பாவுக்குப் போகும். மகனுக்கு ஞானஸ்நானம் வந்தபோது, எங்கள் சபைப் போதகரின் மனைவி போதகரம்மாவின் இரண்டு ஜாக்கெட்டில் மிஞ்சிய வெள்ளைத் துணி டப்பாவில் இருந்தது. வெள்ளையிலேயே சின்னப் பூ போட்டது. சட்டை தைத்துவிட்டேன்.

கோயிலில் பிள்ளைக்காக, பிசாசையும் அதன் கிரியைகளையும் வெறுக்கிறோம் என்று நானும் வீட்டுக்காரரும் சத்தமாகச் சொன்னோம். வெளியே வந்ததும் போதகரம்மா பிள்ளையை வாங்கினார். காலரை விரலால் தடவிப் பார்த்து, "எங்க வாங்கினே மகளே?" என்று கேட்டார். "சாலை மார்க்கெட்ல" என்றேன். வாக்குக் கொடுத்து அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. அவர் பிள்ளையைத் திருப்பித் தந்து சொன்னார்: "என் ஜாக்கெட் துணி மாதிரியே இருக்கு."

எண்பது போதும்

அன்று முழுக்க அழுது ஜெபித்தேன். இனிமேல் கூட்டிக் கேட்பதில்லை என்று தீர்மானம் செய்தேன். மறுநாள் பக்கத்து வீட்டு மலையாளத்துக் கமலம் சேச்சி அளவு கேட்க வந்தார். எண்பது போதும் என்றேன். யோக்கியமாகிவிட்ட சந்தோஷம் எனக்கு. சேச்சி தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எந்தா மோளே, ஓணத்துக்கு ஒரு மீட்டர் வேணும்னு சொன்னியே. அதுக்குள்ள நான் மெலிஞ்சா போனேன்?"

போதகரம்மா வீட்டு அடுக்களை

எங்கள் வீட்டுக்காரருக்கு இரும்புக் கடையில் வேலை. நடந்ததை அவரிடம் சொன்னேன். "அழுதுட்டே, ஆண்டவர் மன்னிச்சிட்டார். வெளிய சொன்னா ஒருத்தியும் துணி தரமாட்டா. பிள்ளைக்குப் பால் வாங்குறது உன் தையல்லதான்" என்றார். நியாயம்தான். ஆனால் கத்திரியை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன்.

சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துப் போய், போதகரம்மாவின் அடுக்களை வாசலில் நின்று எப்படியோ சொல்லி முடித்தேன். திட்டுவார், இல்லையென்றால் கட்டிப்பிடித்து, பிள்ளைக்கே இருக்கட்டும் என்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னோடத குடுத்துட்டே. மத்தவங்களோடது எங்கே?"

ஒன்பது வீடு

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒன்பது வீடு ஏறினேன். ஒருத்தி துணியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி குழாயடியில் எல்லோருக்கும் சொன்னாள். நாலு வீட்டில் அதோடு தையல் நின்றது. பிள்ளையின் பாலை அரையாகக் குறைத்தோம்.

கடைசியாகக் கமலம் சேச்சி. நான் நீட்டிய நீலத் துணியைப் பார்த்து, "இது என்னோடதில்ல. என்னோடது அந்தப் பச்சை" என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதுவும் போச்சு என்றிருந்தேன். அடுத்த வாரம் புதுத் துணியோடு வந்து நின்றார். சேச்சி ஸ்டூலை இழுத்து மிஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"வெட்டு மோளே. தச்சு முடியற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன், கேட்டோ."

மனந்திரும்ப எனக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. கீழ்ப்படிவது, சேச்சி இன்றும் வந்து உட்காரும் அந்த ஸ்டூலைப் பார்த்தால், இன்னும் முடிந்தபாடில்லை.