விளைந்து கெட்டவர்கள்

இன்று காலை எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், கனடாவில் இருக்கும் நண்பன் ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்தான். இம்பொவரிஷ். ஏழையாக்குதல் என்று பொருள்.

"லத்தீன் வேரிலை ஏழை எண்டால் குறைவா விளைவிக்கிறவனாம். வடிவான விளக்கம், என்ன?" என்று கேட்டிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் தோட்டத்தில் வெங்காயம் அள்ள அள்ள வந்தது. விலை ஏறட்டும் என்று ஐயா வழமைபோலப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டில் முழுக்கத் தொங்கவிட்டார். அந்த நேரம் பார்த்துப் புது அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. கப்பலில் வந்த வெங்காயம் சந்தையை நிரப்ப, எங்களுடையது கொட்டிலிலேயே அழுகியது.

"கெதியா அள்ளித் தாட்டு விடுங்கோ, அயல் முழுக்க மணக்குது" என்றார் அம்மா.

ஐயா புதைகுழி வெட்ட எடுத்த மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார்.

"விளையாமல் கெட்டவனுக்கு ஊர் இரங்கும். விளைஞ்சு கெட்டவனுக்கு ஆரப்பா இரங்குறது?"

இதைக் குழுவில் எழுதினேன். நண்பன் ஓர் அழுகிற முகத்தைப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டான்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எதை அமோகமாக விளைவித்து ஏழையானீர்கள்?