நாங்கள் பூட்டிவைத்த லென்ஸ்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பேர் கூடினோம். இரண்டரை மணித்தியாலம் விவாதித்தோம். முடிவில், ஒரு பூட்டு வாங்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

பித்தளைப் பூட்டு. அதன் எண்ணெய் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது... ஒரு நிறுவனம் உருப்படத் தொடங்கும்போது அப்படித்தான் மணக்கும் என்று அன்று நம்பினேன்.

எங்களுடையது பொது ஸ்டூடியோ. புகைப்படம் எடுக்கப் புதிதாக வருபவர்கள், சொந்தமாக லைட்டும் லென்ஸும் வாங்க வழியில்லாதவர்கள், இரண்டு வடையும் ஒரு பிளேன்டீயும் ஆகிற செலவில் அரை நாள் பாவிக்கலாம். நானும் ரிஸ்வானும் நடத்தினோம். ரிஸ்வான் கொட்டாஞ்சேனைக்காரன், கல்யாண வீடுகளில் படமெடுத்து உழைத்ததையெல்லாம் ஸ்டூடியோவில் தொலைப்பவன்.

எங்களிடம் இருந்த ஒரே நல்ல சாமான், கனடாவிலிருந்து என் சித்தப்பா அனுப்பிய லென்ஸ். முகம் எடுப்பதற்கென்றே செய்தது. மங்கல் வெளிச்சத்திலும் கண்ணின் ஈரம் வரை விழும். ஒருநாள் யாரோ அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், மணலோடு திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் பூட்டு.

லென்ஸைத் துணியில் சுற்றி, தோல் உறையில் போட்டு, உறையைப் பொலித்தீனில் கட்டி, அலுமாரிக்குள் வைத்தோம். "முக்கியமான வேலைக்கு மட்டும்" என்று கதவில் ஒட்டினோம். எது முக்கியம் என்பதை நானும் ரிஸ்வானும் தீர்மானிப்போம். வளரும் கலைஞர்களை ஆதரிப்பதில் நாங்கள் அவ்வளவு கவனமாக இருந்தோம்.

சித்ரா ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலை. கூட வேலை செய்யும் பெண்களை லீவு நாளில் அழைத்து வந்து படமெடுப்பாள். நாள் முழுக்க நிற்கிற அந்தப் பெண்களை அவள் எப்போதும் உட்காரவைத்துத்தான் எடுப்பாள்.

மூன்று தரம் அந்த லென்ஸைக் கேட்டாள்.

"முக்கியமான வேலை ஒண்டு வரட்டும் தங்கச்சி, அப்ப தாறன்" என்றேன். மூன்று தரமும்.

"சரிண்ணே" என்றாள். அதுவும் மூன்று தரம்.

பிறகு அந்த வேலை வந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் புகைப்படப் பயிற்சி... ஆறு மாதம், கொழும்பிலேயே, உதவித்தொகையோடு, முடிவில் நிரந்தர வேலை. பத்துப் பெண்களின் முகங்களை அனுப்ப வேண்டும். சித்ராவிடம் ஒன்பது இருந்தன. பத்தாவது அவளுடைய அம்மா.

"அம்மாவால இனிமே கொழுந்து எடுக்க முடியாதுண்ணே. இது கெடச்சா இங்கயே இருந்துருவேன். இல்லாட்டி ஏஜென்சிக்காரன்கிட்ட பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு குவைத்துக்குத்தான்."

விண்ணப்பத்தின் கடைசி நாளன்றுதான் அம்மாவுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக். அங்கிருந்து நேராகக் கூட்டிவந்தாள். நல்ல மழை. கரண்ட் இல்லை. ஐந்து மணிக்குள் படங்கள் போக வேண்டும். அம்மா ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சித்ராவின் சாதாரண லென்ஸில், அந்த வெளிச்சத்தில், அம்மாவின் முகம் வெறும் கறுப்பாக விழுந்தது.

"மச்சான், இதுதான் முக்கியமான வேல" என்றான் ரிஸ்வான்.

நானும் சம்மதித்தேன். விதிமுறைப்படி திறந்தோம்.

கண்ணாடிக்குள் பூஞ்சணம் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. கடல் ஈரம், இருட்டு, தோல் உறை, பொலித்தீன்... அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நாங்களே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருந்தோம். தினமும் ஒருவர் கையிலெடுத்துப் பாவித்திருந்தால் வந்திராது. லென்ஸுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று புதியவர்களுக்கு மாதம் ஒருமுறை வகுப்பெடுத்தவன் நான்தான்.

"பூட்டித்தானே மச்சான் ஈந்திச்சி!" என்றான் ரிஸ்வான், யாரோ திருடிக்கொண்டு போனதைப் போல.

"தொடச்சாப் போயிருமா தம்பி?" என்று கேட்டார் அம்மா. கிளினிக் கொப்பியை மடியில் வைத்து, தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டு, ஜன்னலோரம் நேராக உட்கார்ந்திருந்தார்.

உள்ளே பிடித்த பூஞ்சணம் துடைத்தால் போகாது. சித்ரா இருபது படம் எடுத்தாள். எல்லாவற்றிலும் புகை.

"சொஃப்ட் லுக் ஒண்டு ஈக்கி. இப்ப இதுக்குத்தான் மதிப்பு" என்றான் ரிஸ்வான்.

"ஓம், ஒருமாதிரி ஆர்ட்டா இருக்கு" என்றேன் நான். படித்தவன் அல்லவா.

சித்ரா திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அம்மா மூஞ்சி தெரியலையேண்ணே..."

அதைத்தான் அனுப்பினாள். வேறு இல்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒன்பது படங்களைப் பாராட்டியிருந்தார்கள். பத்தாவது தேவையான தரத்தில் இல்லை என்றும், அதனால் வருந்துவதாகவும் எழுதியிருந்தார்கள். நாங்களும் வருந்தினோம். அது பற்றி ஒரு கூட்டமும் வைத்தோம்.

இப்போது காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற யாருடைய ஃபோனும் இருட்டில் முகத்தைத் துல்லியமாக எடுக்கிறது. பொது ஸ்டூடியோவைத் தேடி யாரும் வருவதில்லை. அந்த அறையில் ஓ.எல். பரீட்சைக்குக் கணித வகுப்பு நடக்கிறது. ரிஸ்வான் கல்யாணங்களோடு நின்றுவிட்டான். நான் சில சமயம் அந்த ஒழுங்கையால் போகிறேன்... மேலே பார்ப்பதில்லை.

சித்ரா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அங்கே அவளுடைய ஃபோனை வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அரை மணித்தியாலம் கொடுக்கிறார்கள்.