டில்லிக்குப் போன குடை

அறுபதுகளில் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் பியூன். மழையிலும் தபால்களைச் சுமந்துகொண்டு ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டும். மாட்டுங்கா மார்க்கெட்டில் சொந்தக் காசில் வாங்கும் குடை ஒரு மழைக்காலம் தாங்காது. குடைக்கு அலவன்ஸ் கேட்டால், "அதற்கு விதி போடும் அதிகாரம் டில்லிக்குத்தான்" என்பார் சூப்பிரண்டு. வருஷா வருஷம் இதே பாட்டு.

ஒரு ஜூலையில் அந்த விதி போடும் அதிகாரியே டில்லியிலிருந்து வந்தார். குடை அலவன்ஸ் கேட்டு அவர் கையிலேயே மனுக் கொடுத்தேன். அவர் ஊருக்குக் கிளம்பும்போது பேய்மழை. சூப்பிரண்டு என் குடையைப் பிடுங்கி அவரிடம் நீட்டினார். நான் அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தொப்பலாக நனைந்தபடி ஸ்டேஷன் வரை போனேன். மனுஷன் குடையோடு ரயிலேறிவிட்டார்.

அடுத்த மாதம் அவரிடமிருந்து பதில் வந்தது: "குடை அலவன்ஸ் தேவையில்லை. பியூன்களிடம் குடை இருப்பது நேரில் காணப்பட்டது."

இருந்தது ஒரே குடை. அதையும் கொண்டுபோனது நீர்தானே, ஐயா!