ஆயம்மாள் சித்தியின் வயிற்றுவலி

“ஸ்கேன்ல ஒண்ணுமில்லீன்னா வலி எங்கிருந்து வருது கண்ணு?” என்று பிளஸ் டூ முடித்திருந்த என்னிடம் ஆயம்மாள் சித்தி கேட்டார்.

இரண்டு வருடமாக வயிற்றுவலி. மூன்று முறை ஸ்கேன் எடுத்தும் எதுவும் தெரியவில்லை. மிளகு பறிக்கச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். எங்கள் மலைக்குக் கீழே இருந்த டாக்டர் மட்டும், தொப்புளருகே சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்க்கலாம் என்றார். அதற்கு லேப்ராஸ்கோப்பி என்று பெயர்.

சித்தப்பா பழனிமுத்து கோயிலுக்குப் போய், “வயித்தக் கிழிக்கலாமா?” என்று பூக்கேட்டார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவுமாகச் சாமி முன் வைத்த இரண்டு பொட்டலங்களில் அவர் எடுத்ததில் சிவப்புப் பூ இருந்தது. சாமிக்குச் சம்மதமில்லை என்று அர்த்தம். அதனால் நான்கு மாதம் வீணானது. சித்தி எலும்பும் தோலுமானார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் சித்தியே சண்டை போட்டார். “ஏனுங்க, கிழிக்கலாமான்னு கேட்டா எந்தச் சாமிதான் சரீங்கும்? உள்ள பாக்கலாமான்னு கேளுங்க!”

“சாமிகிட்டயே வக்கீல் வேலையா?” என்று முனகிக்கொண்டே சித்தப்பா மறுபடி கேட்டார். வெள்ளைப் பூ வந்தது.

குடலைச் சுற்றியிருந்த சவ்வெங்கும் சாமை இறைத்ததுபோலப் புள்ளிகள் இருப்பதைக் கேமரா காட்டியது. அதில் கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள். காசநோய்! அது வயிற்றிலும் வருமாம். மாத்திரை தொடங்கி இரண்டு மாதமாகிறது; வலி குறைந்துவிட்டது. நடிப்பு என்றவர்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி யாராவது வலியோடு இருப்பார்கள். அவர்களுக்கும், அவர்களை நம்பாதவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.