அவள் கை பட்டால் இடிக்கிற குழாய்

குழாய் வேலைக்காரன் ஒழுகலுக்குப் பயப்பட வேண்டாம், சத்தத்துக்குத்தான் பயப்படணும். ஒழுகல் தரையை நனைத்துத் தன் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். சத்தம் ஒரு மூலையில் பிறந்து வேறு மூலையில் கேட்கும். ஸ்பானர் பிடித்த கூட்டாளிகளே, நீங்களும் கேட்டிருப்பீர்கள்; கேட்காத மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு வந்தும் இருப்பீர்கள்.

மொட்டைக் குழாய்

வில்லாபுரத்தில் இருளாயி அம்மாள் வீட்டுக்கு ஆயில் எஞ்சின் வைத்துக் கொடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து குழாய் வழியாக அடுப்படிக்கும் குளிக்கிற அறைக்கும் இறங்கும். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும், மூடும். அந்தப் பக்கம் அதுதான் முதல் குழாய் வீடு. வேடிக்கை பார்க்கவே ஆள் வரும்.

சாமானெல்லாம் டவுனில் காசிம் பாய் இரும்புக் கடையில் வாங்கியது. அவர் ஒரு முழ நீள மொட்டைக் குழாயையும் சேர்த்துக் கொடுத்தார். மேல்முனை அடைத்தது, அடியில் ஒரு திருகு. எதுக்கு இது என்றேன். ஓடி வருகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் ஆட்டுக்கிடா மாதிரி குழாயை முட்டும். இதுக்குள் அடைபட்ட காற்று தலையணையாக இருந்து அந்த முட்டலை வாங்கிக்கொள்ளும் என்றார். ஆனால் நாளாக ஆகக் காற்று கரைந்து, அந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிடுமாம். கடைசியாகச் சொன்னார்: "மாசம் ஒருக்கா அடித்திருகைக் கழத்தித் தண்ணிய வடிச்சு விடுங்க மாப்ள. மறந்தீங்க, அப்புறம் அது தலவாணி இல்ல, ஒலக்கை."

மருமகள் வந்த வீடு

மொட்டைக் குழாயைக் குளிக்கிற அறையில் பொருத்தி, நாலு மாசம் ஒழுங்காகத் தண்ணீர் வடித்தேன். அப்புறம் திருமங்கலம் பக்கம் பெரிய வேலை வந்தது. அந்தத் திருகு என் புத்தியை விட்டே கழன்று போனது. இதற்குள் இருளாயி அம்மாள் மூத்த மகனுக்குக் கல்யாணம். கீழக்குயில்குடிப் பெண், பேர் பஞ்சவர்ணம்.

அவள் வந்த பத்தாம் நாள் எனக்கு ஆள் வந்தது. போய் நின்றேன். இருளாயி அம்மாள் குளிக்கிற அறைக் குழாயைத் திறந்து மூடினார், ஒன்றும் இல்லை. பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு மூடச் சொன்னார். தடார்! சுவரே அதிர்ந்தது. மேலே இருந்து சுண்ணாம்புக் காரை என் தோளில் உதிர்ந்தது. பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டது. "பாத்திகளா பிட்டரு? நான் மூடுறேன், வேலக்காரி மூடுறா, சத்தம் இல்ல. இவ கை பட்டாத்தான் எவனோ உள்ள இருந்து கதவத் தட்டுறான்!"

கிணற்றுக்குள்

வெளியே தைரியம் காட்டணுமே. கிணற்றுக்குள் இருக்கிற வால்வைப் பார்க்கிறேன் என்று இறங்கினேன். என் கூட்டாளி முத்தையா மேலே கயிறு பிடித்தான். வால்வில் பழுதே இல்லை. அந்நேரம் வீட்டுக்குள் மறுபடி ஒரு தடார். சுவரெல்லாம் அதை வாங்கிக் கிணற்றுக்குள் இறக்கியது. என் கால் படியை விட்டு வழுக்கியது. ஏத்துடா என்று கத்தினேன். கயிறு அசையவில்லை. அண்ணாந்து பார்த்தால் முத்தையா முகம் வெளிறிக் கிடக்கிறது. "அண்ணே, இப்ப கத்துனது நீங்கதானா? உங்க அப்பா பேரச் சொல்லுங்க, இழுக்குறேன்!"

வெள்ளிக்கிழமை

நான் வருவதற்கு முன்பே குறி சொல்கிற கோடாங்கி வந்து உடுக்கடித்து, திருநீறு போட்டு, பெண்ணைப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பெண்ணின் உச்சிமுடியைக் கத்தரித்துப் புளியமரத்தில் ஆணி அடிக்கணும். அவளை வண்டியேற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பணும். திரும்பக் கூப்பிடுகிற பேச்சே இல்லை. பஞ்சவர்ணம் எனக்கு மோர் கொண்டுவந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன்: நீ எப்படித்தான் மூடுறே தாயி? "எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்கு மலையடி வரைக்கும் நடப்போம்ணே. சொட்டு வீணாப் போகக் கூடாதுல்ல? ஒரே தட்டு, டக்குனு மூடிருவேன். அது ஒரு குத்தமா?"

ஒலக்கை

மோரைக் கீழே வைத்தேன். மாமியார் பேசிக்கொண்டே மெல்லத் திருப்புவார். வேலைக்காரி சொட்டச் சொட்ட விடுவாள். இவள் ஒருத்திதான் ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்துகிறவள். காசிம் பாய் சொன்ன உலக்கை என் கண் முன்னே நின்றது. தப்பு அந்தத் திருகை மறந்த என்னுடையது.

யாருக்கும் தெரியாமல் வடித்துவிட்டுப் போகலாம். சத்தம் நின்றுவிடும். ஆனால் கோடாங்கி திருநீறு பலித்தது என்பார்கள். பேய் பிடித்தவள் என்ற பேர் அவளை விட்டுப் போகாது. சொன்னாலோ, வாசலில் அவள் கொழுந்தன்மார் மூன்று பேர், மூன்று பேர் கையிலும் கம்பு. எல்லாரையும் குளிக்கிற அறைக்குக் கூப்பிட்டேன். குழாயைத் திறந்து, என் கையாலேயே டக்கென்று மூடினேன். தடார்! எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். தொட்டி வால்வை அடைத்து மொட்டைக் குழாயின் திருகைக் கழற்றினேன். காற்று இருக்க வேண்டிய இடத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. மாசாமாசம் நான் வடிக்க வேண்டியது, மறந்துட்டேன் என்றேன். கம்பு ஒன்று அசைந்தது. திருகை முடுக்கி, வால்வைத் திறந்து, பஞ்சவர்ணத்தை மூடச் சொன்னேன். அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரே தட்டுத் தட்டினாள்.

குழாயில் மூச்சுக்கூட இல்லை.

இருளாயி அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி மருமகள் கையில் வைத்தார். "இந்தா தாயி, இனிமே மாசாமாசம் நீயே கழத்து. இந்த ஆளு ஞாபகத்த நம்பி ஒந் தலமுடிய விடாத."

இம்புட்டு வருசம் குழாய் வேலை பார்த்ததில் நான் விரட்டிய ஒரே பேய், நானே குடிவைத்த பேய்தான்.