டிராஃப்ட் வர ஆரம்பித்த பிறகு

எழுபதுகளின் நடுவில், கேரளத்து ஏலமலையிலுள்ள வண்டன்மேட்டில் புதிதாகத் திறந்த ஒரு சிறிய பாங்குக் கிளையில் எனக்கு குமாஸ்தா வேலை. சொந்த ஊர் பாலக்காடு. வயது இருபத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை. நான் வாயைத் திறந்தால் தோட்டத்து ஆட்கள் என்னை மலையாளி என்று நினைத்தார்கள். மலையாளிகளுக்கோ நான் தமிழன். போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகியும், கடையில் சாமான் விலை கேட்பதைத் தவிர யாரிடமும் எனக்குப் பேச்சில்லை.

மானேஜர் என்னைக் கடை கடையாக அனுப்பினார். எந்தத் தொழிலுக்கு எப்படிப் பணம் வாங்கினால் சௌகரியம் என்று எடுத்துச் சொல்லி, கணக்குத் திறக்க வைக்க வேண்டும். எஸ்டேட்டுகளுக்கு அரிசி பருப்பு அனுப்பும் மளிகைக்காரருக்கு செக் சரிப்பட்டது. மரம் ஏற்றி விற்கிறவருக்கு லாரி ரசீதை பாங்க் மூலம் அனுப்பச் சொன்னேன். வாங்குகிறவர் பணம் கட்டினால்தான், சரக்கை எடுப்பதற்கான ரசீது அவர் கைக்குப் போகும். டீக்கடைக்காரர், ஒரு கிளாஸ் டீக்கு யாராவது செக் கிழிப்பார்களா என்று கேட்டார். தையற்காரர் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.

ஏலத்தோட்டக்கார அம்மா ஒருவரை மட்டும் நான் தேடிப் போகவில்லை. எலி கடித்த நோட்டுகளை ஒரு துணியில் முடிந்துகொண்டு, மாற்றித் தருவீர்களா என்று கேட்டு அவரே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துச் சக்குபள்ளத்தில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கம்பத்திலிருந்து ஒரு வியாபாரி மாதம் ஒருமுறை வந்து, காயை எடுத்துக்கொண்டு கையில் ரொக்கம் கொடுத்துப் போவார். அதை அந்த அம்மா கூரை இடுக்கில் செருகி வைத்திருந்தார்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. காயை ஜீப்பில் கம்பத்துக்கு அனுப்பிவிடலாம், வியாபாரி அங்கேயே பாங்கில் பணம் கட்டி டிராஃப்ட் எடுத்து எங்கள் கிளைக்குத் தபாலில் அனுப்பட்டும் என்றேன். "நீங்க ஒண்ணுக்கும் பயப்பட வேண்டாம். பணம் நேரே இங்கே வந்துடும்," என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். வியாபாரிக்கு நானே கடிதம் எழுதினேன். சம்மதம் என்று மறு தபாலில் பதில் வந்தது.

அடுத்த மாதத்திலிருந்து டிராஃப்ட் தவறாமல் வந்தது. மாதத்தின் முதல் வாரத்தில் அந்த அம்மாவும் வந்தார். பாஸ்புக்கில் பதிந்து கொடுத்த பிறகும் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் எழுதிய கணக்கில் சந்தேகம் போலிருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்குவேன். அவர் பொறுமையாகக் கேட்பார். பிறகு, காலையில் என்ன சாப்பிட்டேன், ஊரில் அம்மா சௌக்கியமா என்று விசாரிப்பார். மலையில் என்னிடம் அதைக் கேட்டவர் வேறு யாருமில்லை.

மழைக்காலத்தில் ஒரு மாதம் அவர் வரவில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் நானே போனேன். ஜீப்பை விட்டு இறங்கி ஏலச்செடிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடை. பக்கத்தில் வேறு வீடே இல்லை. காய் பறிக்கிற நாட்களில் மட்டும் ஆட்கள் வருவார்களாம். காலில் அட்டை கடித்துப் புண்ணாகியிருந்ததால் வரவில்லை என்றார். பால் விடாத கட்டங்காப்பி கொடுத்தார். பணம் ஒழுங்காக வருகிறதல்லவா என்று நான் பெருமையாகக் கேட்டேன்.

"பணம் பத்திரமா இருக்கு தம்பி. அதுல ஒரு கொறையும் இல்ல," என்றார். "முன்னெல்லாம் கம்பத்து அண்ணாச்சி வருவாக. காயைக் கையில அள்ளிப் பாத்துட்டு நொட்டை சொல்லுவாக, நான் சண்டை போடுவேன். சோறு தின்னுட்டு மத்தியானத்துக்கு மேலதான் எறங்குவாக. இப்ப மூட்டையை ஜீப்புல ஏத்திவிட்டா முடிஞ்சுபோச்சு."

பழையபடியே அவரை வரச் சொல்லலாமே என்றேன்.

"நான் எப்படித் தம்பி கேக்குறது? பணந்தான் ஒழுங்கா வருதுல்ல, பெறகு எதுக்கு வரணும்னு கேட்டா?"

படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வரும் வழியெல்லாம் என் சொந்தக் காரியம் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தேன். படிவத்தின் அடியிலுள்ள கூப்பனில் நாலு வரி எழுதுவேன், அப்பாவிடமிருந்து தபால் கார்டு வரும். பிறகு சம்பளத்தில் ஒரு பகுதி பாங்க் மூலமே அப்பாவின் கணக்குக்குப் போக ஏற்பாடு செய்தேன். கூப்பன் நின்றது, கார்டும் நின்றது. அந்த அம்மாவைப் பார்த்துவந்த மாதம் தபாலாபீசுக்குப் போய் மறுபடி மணியார்டர் அனுப்பினேன். எதற்கு வீணாகக் கமிஷன் கட்டுகிறாய் என்று கேட்டு அப்பா ஒரு கார்டு எழுதினார். அதைப் பல தடவை படித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்கு பஸ் ஏறினேன். வியாபாரி அறுபது வயதைத் தாண்டியவர், கடை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்ததைக் காட்டினார்.

"அந்தப் புள்ள கையால சாப்பிட்டு வருசமாகப் போவுது. அந்த ஏத்தம் ஏற முடியல தம்பி. வரலைன்னு சொல்லவும் மனசு வரல. நல்லவேளை, நீங்க கடுதாசி போட்டீங்க," என்றார்.

நான் கெடுத்துவிட்டதாக நினைத்த காரியம் அவருக்கு உபகாரமாக இருந்திருக்கிறது. யார் மேலும் கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது முழங்கால் விஷயத்தைச் சொன்னேன். "இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அவுக," என்றார். அன்று பெஞ்சில் உட்காராமல் கிளம்பிவிட்டார்.

மறு மாதம் மூட்டையோடு அவரும் ஜீப்பில் ஏறிக் கம்பத்துக்குப் போயிருக்கிறார். வியாபாரி வீட்டில் சாப்பாடு, அவர் மனைவியோடு கடைத்தெரு, காய் விலைக்கு வழக்கமான சண்டை. பணத்தைக் கையிலேயே வாங்கிக்கொண்டு, கம்பத்தில் வாங்கிய மூடி போட்ட தகரப் பெட்டியில் வைத்துவிட்டாராம். இதையெல்லாம் கணக்கை முடிக்க வந்த அன்று சொன்னார். நின்றபடியேதான் சொன்னார், ஜீப் காத்திருந்தது. முகம் தெளிந்திருந்தது.

சும்மா இந்தப் பக்கம் வந்தாலும் உள்ளே வாருங்கள் என்றேன்.

"பாங்குக்கு எதுக்கு தம்பி சும்மா வரணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கு ஏன் முடிந்தது என்று மானேஜர் எழுதித் தரச் சொன்னார். வாடிக்கையாளரின் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அங்கே இருந்தேன். மாதத்தின் முதல் வாரத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். அந்தப் பழக்கம் நிற்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சித்தூருக்கு மாற்றல் வந்தபோது, சொல்லிக்கொள்ள வேண்டியவர்கள் என்று யாருமில்லாததால், முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.